ஆறாவது கட்டத்தில் நிற்கிறேன்

என் செல்ல வாண்டுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் முதுகைத் தவிர. நீ சுகமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், ஆனால் உன் சுகத்தை ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மா போனில் முக்கால் மணி நேரம் விசாரித்து எனக்கு இரண்டு வரியில் செய்தி வாசித்துவிடுகிறாள். பிறகு போன் என் கைக்கு வரும், நான் சாப்பிட்டியா என்பேன், நீ ம் என்பாய், அங்கே மழையா என்பேன், நீ இல்லை என்பாய், சரி அம்மாகிட்ட தர்றேன் என்று சூடான பாத்திரத்தைக் கைமாற்றுகிற மாதிரி கொடுத்துவிடுவேன். ஏழு வருஷமாக இதே மூன்று வாக்கியம்தான் நம் இரண்டு பேருக்கும். இப்போது நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது, அது போனில் சொல்லும் அளவுக்குச் சின்னதாக இல்லை, அதனால் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, சாமான் பட்டியல் தவிர வேறு எதுவும் எழுதிப் பழகாத கை.

போன வருஷம் ஒரு வீட்டின் மூன்றாவது மாடியிலிருந்து பீரோ இறக்கும்போது என் முதுகு பிடித்துக்கொண்டதும், தலையணைக்கு மேல் எடையுள்ள எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் உனக்குத் தெரியும். லாரியை நெட்டை மாமாவிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்றா சொன்னேன், அம்மாவைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். முதல் வாரம் சமையலறையில் டப்பாக்களைப் பெரியது சிறியது என்று வரிசைப்படுத்தினேன், இரண்டாவது வாரம் கட்டிலின் இடத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடியே நெட்டையை ஏவி மூன்று தடவை மாற்றினேன், மூன்றாவது வாரம் அம்மா லைப்ரரியிலிருந்து வந்து இருட்டில் கட்டில் இருந்த பழைய இடத்தில் உட்காரப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். மறுநாளே நீ விட்டுவிட்டுப் போன பழைய கிதாரைப் பரணிலிருந்து இறக்கி என் மடியில் வைத்து, தூக்கணும்னா இதைத் தூக்குங்க, எடை கம்மி, என் கட்டிலை மட்டும் விட்டுடுங்க என்றாள். நான் கிதார் கற்றுக்கொள்ள ஆரம்பித்த கதை இதுதான், வேறு பெரிய லட்சியம் எதுவும் இல்லை.

சொல்லிக்கொடுப்பது நம் மாடிக்குக் குடிவந்திருக்கும் பல் டாக்டர். அவருடைய பல் பிடுங்குகிற நாற்காலியை மேலே ஏற்றியது நானும் நெட்டையும்தான், அந்த நன்றிக்காக இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் இருபது நிமிஷம் எனக்கு ஒதுக்குகிறார். சில நாள் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, அது வேலை செய்கிற வரை என்னைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். வாயைத் திறந்தபடி படுத்திருப்பவர்கள் எழுந்து ஓட முடியாது, அந்த வகையில் என்னுடைய முதல் ரசிகர்கள் அவர்கள். ஆறு மாதத்தில் கார்டு, அதாவது சில சுரங்களைச் சேர்த்து ஒரே அடியில் ஒலிக்க வைக்கிற பிடி, பிடிக்க வந்துவிட்டது, டாக்டர் கார்டுகளைப் போட்டுக்கொண்டே வர அதன் மேல் நாமாகக் கற்பனையாக வாசிக்க வேண்டுமே, அதுதான் வரவில்லை. ஒரு கார்டு மாறியதும் அதன் முதல் சுரம் எங்கே என்று தேடி, கிதார் கழுத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுவேன், நான் போய்ச் சேர்வதற்குள் அடுத்த கார்டு வந்துவிடும், திரும்பவும் ஓட்டம். டாக்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள், அண்ணே, கார்டு மாறும்போதெல்லாம் வீட்டைக் காலி பண்ணிட்டு ஓடுறீங்களே, பக்கத்து அறைக்குப் போனாப் போதும் என்றார். நாற்காலியில் படுத்திருந்த அம்மாள் திறந்த வாயோடு ஆமாம் என்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டார்.

பிறகு டாக்டர் மூன்று கார்டு எடுத்துக்கொண்டு காட்டினார், உனக்கு இது அரிச்சுவடியாக இருக்கும், இருந்தாலும் அப்பா வாயால் கேள். முதல் கார்டில் மூன்றாவது கம்பியில் ஐந்தாவது கட்டத்தில் ஒரு சுரம், இரண்டாவது கம்பியில் ஆறாவது கட்டத்தில் ஒரு சுரம். கட்டம் என்று நான் சொல்வது கழுத்தில் குறுக்கே போட்டிருக்கும் உலோகப் பட்டைகளுக்கு நடுவே விரல் வைக்கும் இடம். இரண்டாவது கார்டு வரும்போது மூன்றாவது கம்பிக்காரன் ஐந்திலிருந்து நாலுக்கு ஒரே ஒரு கட்டம் இறங்குகிறான், மற்றவன் ஆறிலேயே அசையாமல் நிற்கிறான். மூன்றாவது கார்டு வரும்போது இறங்கினவன் சும்மா நிற்கிறான், நின்றவன் ஆறிலிருந்து ஐந்துக்கு இறங்குகிறான். அவ்வளவுதான். யாரும் ஓடவில்லை, குதிக்கவில்லை, ஆனால் மூன்று கார்டும் மாறிவிட்டது, காதுக்கு ஒன்றிலிருந்து ஒன்று பிறந்த மாதிரி இருக்கிறது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது பீரோ இறக்குவது! படிக்கட்டில் நானும் நெட்டையும் இருபத்தாறு வருஷம் செய்த வேலை இதுதானே, ஒருத்தன் நிற்க வேண்டும், ஒருத்தன் ஒரு படி இறங்க வேண்டும், பிறகு இறங்கினவன் நிற்க, நின்றவன் இறங்க. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் காலை எடுத்தால் பீரோ தானே இறங்கிவிடும், கூடவே நாமும். மறுபடி முதல் கார்டுக்குப் போகும்போது மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு படி ஏறுகிறார்கள், அது அடுத்த பீரோவுக்காக வெறுங்கையோடு மேலே போவது என்று வைத்துக்கொண்டேன். டாக்டரிடம் சொன்னேன், பல் கட்டுறதைவிட உங்க உதாரணம் நல்லாயிருக்கு என்றார். அவர் ஏதோ பல் உதாரணம் வைத்திருந்தார் போலிருக்கிறது, பாவம், சொல்ல விடவில்லை நான்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அம்மாவுக்கு ஓய்வுபெறும் நாள் வந்தது. லைப்ரரியின் வாசிப்புக் கூடத்திலேயே விழா. முப்பத்தொரு வருஷம் அவள் அந்த வேலையில் இருந்தாள், நான் ஒருநாள்கூட உள்ளே போய் அவள் எந்த மேஜையில் உட்காருகிறாள் என்று பார்த்ததில்லை, வாசலில் லாரியை நிறுத்தி ஹாரன் அடிப்பேன், அவள் தலை குனிந்து வந்து ஏறுவாள். இந்த ஒரு தடவையாவது அவளுக்காக நான் எழுந்து நின்று ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தேன், அவளிடம் சொல்லவில்லை. அங்கே புத்தகம் பைண்டு செய்பவர் கீபோர்டு வாசிப்பார், அவர் அந்த மூன்று கார்டையும் சுற்றிச் சுற்றிப் போடுவது, நான் மேலே வாசிப்பது என்று ஏற்பாடு. ஏற்பாடு ஆன நிமிஷத்திலேயே படியாவது பீரோவாவது, எல்லாம் மறந்துபோனது. கடைசியில் தொழில் புத்தியைக் காட்டினேன். அலமாரியைக் கழற்றும்போது பலகைக்குப் பலகை நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவோமே, அது ஒரு தாள் மிச்சமிருந்தது, வாசிக்க வேண்டிய சுரங்களை டாக்டரோடு முன்கூட்டியே முடிவு செய்து ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை கிதார் கழுத்தில் ஒட்டிவிட்டேன். ஒரு கட்டத்தில் ஏழு, பத்தொன்பது, முப்பத்துமூன்று மூன்றும் ஒன்றன் மேல் ஒன்று. டாக்டர் பார்த்துவிட்டு, அண்ணே, இது வாசிக்கப் போறதா, மாட்டப் போறதா என்று கேட்டார். நான் ஓரம் தூக்கியிருந்த ஒரு ஸ்டிக்கரை அழுத்திவிட்டேன்.

விழா அன்று மேடையில் ஏறி உட்கார்ந்து கிதாரை மடியில் வைத்துக் கழுத்தைப் பார்க்கிறேன், ஒரு ஸ்டிக்கர் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்க்கிறேன், பளபளவென்று மொட்டையாக இருக்கிறது. என்ன நடந்தது என்றால், டாக்டர் மனைவி வாய் தவறி அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள், அம்மா தெரியாத மாதிரியே இருந்துகொண்டு, மனுஷன் முதல் தடவையா நமக்காக மேடையேறுறார், கிதார் இப்படி அழுக்கா இருக்கே, இந்தப் பொண்ணு சின்ன வயசுல ஒட்டின ஸ்டிக்கரை இன்னும் எடுக்காம வெச்சிருக்காரே என்று, அன்று காலை நான் குளிக்கப் போன நேரம் பார்த்து ஒரு துளி எண்ணெய் விட்டு நகத்தால் சுரண்டி நாற்பத்தொன்றையும் எடுத்துத் துடைத்து உறையில் போட்டு வைத்திருக்கிறாள். முதல் வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்து எப்படிப் பளபளப்பு என்கிற மாதிரி சிரிக்கிறாள். பைண்டிங்காரர் முதல் கார்டைப் போட்டுவிட்டார். அது ஒரு சுற்று வந்தது, இரண்டாவது சுற்றும் வந்தது, நான் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். என் தலைக்கு மேலே சுவரில் அமைதி காக்கவும் என்று பெரிய எழுத்தில் பலகை, அதை அவ்வளவு ஒழுங்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். அம்மாவின் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்குவதைப் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் கடைசி வரிசையிலிருந்து நெட்டையின் குரல். அவனுக்கு என்ன புரிந்ததோ, மூன்றாவது மாடியில் நின்று கூப்பிடுகிற அதே தொண்டையில், டேய், பிடிச்சுக்கோ, நீ நில்லு, ஒரு படி மட்டும் இறங்கு என்று கத்தினான். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அம்மா பழக்க தோஷத்தில் உதட்டில் விரல் வைத்தாள். எனக்குக் கை தானாகப் போனது. கழுத்தில் எப்போதும் இருக்கும் வெள்ளைப் புள்ளி ஐந்தாவது கட்டம், அதைப் பிடித்துக்கொண்டேன், ஐந்து, ஆறு. கார்டு மாறியது, ஒருத்தன் இறங்கினான், ஒருத்தன் நின்றான். மறுபடி மாறியது, இவன் நின்றான், அவன் இறங்கினான். ஒரு சுற்று இப்படியே போனது, தப்பு இல்லை. அடுத்த சுற்றில் இறங்குவதற்கு முன்னால் ஒரு படி மேலே போய்விட்டு இறங்கினேன், சந்தில் திருப்புவதற்கு முன் பீரோவைக் கொஞ்சம் தூக்குவோமே அது மாதிரி. அடுத்ததில் நின்றுகொண்டே தட்டினேன், அடுத்ததில் இரண்டு சுரத்துக்கும் நடுவில் சும்மா நடந்துவிட்டு வந்தேன். நாற்பத்தொரு நம்பரில் ஒன்றுகூட அதில் கிடையாது வாண்டு, எல்லாம் அப்போதே வந்தது, எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால் பக்கத்துக் கட்டத்திலிருந்து வந்தது. அம்மா உதட்டில் வைத்த விரலை எடுக்கவே மறந்துவிட்டாள். வீட்டுக்கு வரும்போது, அந்த ஹால்ல சத்தம் போட்ட அத்தனை பேரையும் வெளியே அனுப்பியிருக்கேன், உங்களை மட்டும்தான் விட்டேன் என்றாள். அதற்கு மேல் அவள் வாயிலிருந்து பாராட்டு வராது, உனக்கே தெரியும்.

ஒன்றே ஒன்றுதான் குறை. கடைசிச் சுற்றில் இரண்டாவது கார்டில் நான் ஒரு நிமிஷம் அழகுக்காக நிறுத்தி நிற்கிறேன், முடிந்துவிட்டது என்று நினைத்து லைப்ரரியின் பெரிய அதிகாரி மைக்கைப் பிடுங்கி அம்மாவின் பணிக்காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள், டாக்டர் மட்டும் பல்வலி வந்தவர் மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது கார்டு வரவே இல்லை. பீரோ படிக்கட்டு நடுவில் நிற்கிறது. பைண்டிங்காரர் மறுநாள் வந்து முடிச்சுடலாமா என்றார், டாக்டரும் கேட்டார், நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். நீ கிளம்பின அன்றைக்கு, இருந்த வேலையை விட்டுவிட்டு ஹோட்டலில் கிதார் வாசிக்கப் போறேன் என்று நீ சொன்னாய், போனால் அந்தக் கட்டையைக் கட்டிக்கொண்டு அங்கேயே கிட என்று நான் சொன்னேன், இனி என்கிட்ட பேசாதீங்க என்று நீ சொன்னாய். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் காலை எடுத்துவிட்டோம். அதைவிட ஒன்று உண்டு, ஊரார் வீட்டுச் சாமானெல்லாம் தூக்கினவன், உன் இரண்டு பெட்டியை நான் தூக்கவில்லை. அப்போது உன் அறையாக இருந்த மாடியிலிருந்து நீ ஒவ்வொரு படியாக இழுத்துக்கொண்டு இறங்குகிற சத்தத்தை உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பதினான்கு படி. நான் செய்தது தப்பு. அப்போது என் முதுகு நன்றாகத்தான் இருந்தது.

சரி, அழுகிற வேலை வேண்டாம், இதற்கு மேல் சொன்னால் நான் அழுவேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கும்போது முதுகை வளைக்காதே, முட்டியை மடக்கித் தூக்கு, முடிந்தால் கூட ஒரு ஆளை வைத்துக்கொள், யார் நிற்பது யார் இறங்குவது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நீ எங்கே வாசித்தாலும் கேட்கிறவர்கள் மனம் நிறைய வேண்டும், உனக்கும் நிறைய வேண்டும், அதுதான் அப்பாவின் ஆசீர்வாதம். அம்மாவுடையது தனியாக போனில் வரும், அது நீளம்.

ஒன்றை மட்டும் மறக்காதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது முதலில் என்னிடம் போனைத் தரச் சொல். சாப்பிட்டியா என்று கேட்க மாட்டேன், மழையைப் பற்றியும் கேட்க மாட்டேன், நீயும் ஒன்றும் பேச வேண்டாம். உன் கிதாரை எடுத்து அந்த மூன்றாவது கார்டைப் போடு. இறங்க வேண்டியவன் நான்தான், காலை பத்து மணிக்கு விரலை ஆறில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் பெட்டியைத் தூக்கியிருக்க வேண்டிய
அப்பா