பசித்த தண்ணீர்

ஆகஸ்ட் 21, 1986

ஐந்தாம் வகுப்புப் பெண்களுக்கு இன்று எங்கள் மலையைப் பற்றிய பாடம். இங்கே முன்பு கடல் இருந்தது, அது வற்றி வற்றி உப்புப் படுகையானது, அதை மண் மூடி, மண் பாறையாகி, பூமி நெருக்கியதில் மலையாக எழுந்தது என்று படித்துக் காட்டினேன். அப்பனைத் தினமும் உப்புச் சுரங்கத்துக்கு அனுப்புகிற பிள்ளைகளுக்கு இதில் என்ன புதுசு? கொட்டாவி விட்டார்கள். பல்கீஸ் மட்டும் எழுந்து, "டீச்சர், மறுபடி தண்ணி வந்தா உப்பு என்னாகும்?" என்றாள். கரையும் என்றேன். "அப்ப மேல இருக்கிற மலை?" என்றாள்.

உட்காரடி என்று அதட்டிவிட்டேன். வெளியே மழை விட்டபாடில்லை.

ஆகஸ்ட் 24

பருப்பில் உப்புப் போட மறந்திருக்கிறேன். அவர் சாப்பிட்டு எழுந்தபிறகு நான் வாயில் வைத்தபோதுதான் தெரிந்தது. உப்பு ஒரு கல் குறைந்தாலும் தட்டை நகர்த்திவிட்டு என் பிறந்த வீட்டு வளர்ப்பைப் பேசுகிற மனிதர், ரொட்டியால் தட்டை வழித்துத் தின்றிருக்கிறார்.

ஆகஸ்ட் 25

இன்று வேண்டுமென்றே அள்ளிப் போட்டேன். அதையும் பேசாமல் தின்றார்.

போன மாதக் காய்ச்சல் அவர் நாக்கின் ருசியைக் கொண்டுபோய்விட்டது. எனக்கு ஏன் பயம் என்று இதில் எழுதாமல் வேறு யாரிடம் சொல்வேன்? கிஸ்ர் ஹயாத் என் புருஷன் மட்டுமா, சுரங்கத்தில் உப்பு வெட்டுகிற ஒரு கூட்டத்துக்கே தலைவர். காலையில் விளக்கோடு முதலில் அவர்தான் தனியாகச் சுரங்க அறைக்குள் போகிறார். கூரையில் சொட்டுகிற தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கிறார். வாய் கசக்கும் அளவுக்கு உப்பாக இருந்தால் அது வயிறு நிறைந்த தண்ணீர், இனி எதையும் கரைக்காது. சப்பென்று இருந்தால் பசித்த தண்ணீர் என்பார்கள். புது மழை எங்கோ வழி கண்டுபிடித்துவிட்டது, கூரையையும் தூணையும் தின்கிறது என்று அர்த்தம். பாதி உப்பை வெட்டி எடுத்து, பாதியைத் தூணாக விட்டிருக்கிறார்கள். அதன்மேல்தான் முழு மலையும் நிற்கிறது.

அவர் "வாங்கடா" என்று சொன்னால் எட்டுப் பேர் உள்ளே போகிறார்கள். அதில் ஒருவன் இம்தாத். என் தம்பி.

ஆகஸ்ட் 27

அவரிடம் கேட்டே விட்டேன். முதலில் சிரித்து மழுப்பினார். பிறகு குரல் மாறியது.

"கூரையைக் கடப்பாரையால தட்டினா சத்தமே சொல்லும். நாக்கு எதுக்கு?"

"அப்ப இம்தாத்கிட்ட சொல்லிடுங்களேன்."

"நேத்து மீசை முளைச்ச பய எனக்குப் பதிலா நக்கிப் பாக்கணுமா? வெளிய ஒரு வார்த்தை போச்சு, இந்த வீட்ல நான் இருக்க மாட்டேன் கனீஸ்."

கடைசியில் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார். தினமும் இருமல் மருந்து பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வருவார். நான் ருசி பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 28

நாக்கில் வைத்ததும் முகமே கோணிவிட்டது. அல்லாவுக்கு நன்றி. ஆனால் இது இன்றைய தண்ணீர். நாளைக் காலைக்கு?

செப்டம்பர் 1

மூன்று நாளாக அடைமழை. பாட்டில் வந்தபோது இனிப்பு டீயைக் குடித்து முடித்திருந்தேன். உப்பாகத்தான் இருந்தது— நேற்றுப் போல இருந்ததா? திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்ததில் நாக்கே மரத்துப்போனது.

"என்ன?" என்றார்.

"நல்ல உப்புதான்."

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் முகம் அப்படி இருந்தது. மனசு கேட்காமல் ஒரு சின்ன உப்புக்கல்லை பாட்டிலுக்குள் போட்டு ஜன்னலில் வைத்திருக்கிறேன். வயிறு நிறைந்த தண்ணீரென்றால் கல்லைத் தொடாது.

செப்டம்பர் 2

அவரை அனுப்பிவிட்டு பாட்டிலைப் பார்த்தேன். கல் இல்லை. குலுக்கிப் பார்த்தேன், கவிழ்த்துப் பார்த்தேன். கல் இல்லவே இல்லை.

சுரங்கத்துக்கு ஓடினேன். செருப்பு எங்கே போயிற்றோ. வாசல்காரர் ஷேர்தில் கையை நீட்டி மறித்தார். "பொம்பளைங்க இங்க கால் வைக்கக்கூடாது, உனக்குத் தெரியாதா?"

லாரிக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். "எம் புருஷனுக்கு நாக்குல ருசி இல்ல. கூரைத் தண்ணி கெட்டுப்போச்சு. வெடி வைக்கிறதுக்குள்ள எல்லாரையும் வெளிய கூப்பிடுங்க."

ஷேர்தில் மணியை அடித்தார். அந்த இருட்டு வாயைப் பார்த்தபடி நின்றேன். ஒவ்வொருவராக வந்தார்கள். இம்தாத் வந்தான். கடைசியாக அவர்.

விஷயம் தெரிந்ததும் ஒருவன் சிரித்தான். "அதான் இத்தனை நாள் பொண்டாட்டி சமையலைப் பத்திப் பேச்சே வரல." அவர் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் நடந்தார்.

செப்டம்பர் 3

அவர் கட்டிலை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பர் 4

இன்ஜினியர் விளக்கடித்துப் பார்த்தாராம். கூரை கல்லு மாதிரி இருக்கிறதாம். சனிக்கிழமையிலிருந்து அதே அறையில் வேலை. இம்தாத் வந்து, "அக்கா, நீ மச்சானை ஊர் முன்னால அம்மணமா நிக்க வச்சுட்ட" என்றான்.

ஒன்றும் ஆகவில்லை என்றால் நான் பொய்க்காரி. அதனால் கூரை இடியட்டும் என்று நினைக்கிறேனா? யா அல்லா, நான் எப்படிப்பட்டவள்? எனக்கு என்னைக் கண்டே பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

தொழுகை நேரத்தில் அலமாரிப் பாத்திரங்கள் ஆடின. பிறகுதான் சத்தம் வந்தது. அந்த அறை மொத்தமாக உட்கார்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை விடுமுறை, உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை.

அவர் பள்ளிவாசலிலிருந்து வந்து அடுப்பருகே தரையில் உட்கார்ந்தார். "எட்டுப் பேரு" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடியும், "எட்டுப் பேரு." நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் எழுந்து போகவில்லை.

செப்டம்பர் 8

கடப்பாரையைத் தானே கொண்டுபோய் இம்தாதிடம் கொடுத்தாராம். "எனக்கு ருசி தெரியல. இனிமே நீ பாரு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாராம். நாளை முதல் அவருக்கு வெளியே லாரி ஏற்றும் வேலை.

செப்டம்பர் 16

விழித்தபோது வெயில் கட்டிலுக்கு வந்திருந்தது. அவர் தானே டீ போட்டுக் குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார், என்னை எழுப்பவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அவர் வேலைக்குப் போகும்போது நான் தூங்கினதே கிடையாது.

கதவைத் திறந்தால் இம்தாதின் பெண்டாட்டி ருகையா நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அண்ணி, இன்னிக்கும் அவர்தான் முதல்ல தனியா உள்ள போயிட்டாரு. சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கட்டுமா?"

உள்ளே வா என்றேன்.