மூன்றாவது வரைவு

ஜூன் 4

அன்புள்ள வெர்ஷன்காரருக்கு,

நலம். நீங்கள் இருமிக்கொண்டிருப்பதாக உங்கள் தங்கை சொன்னாள். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டையாகிவிடுகிறது, இனி எதுவானாலும் கடிதம்தான் என்று ஏழு மாதம் முன்பு நான் வீட்டை விட்டு வந்த அன்று பேசிக்கொண்டோமே, அதன்படி எழுதுகிறேன்.

நீங்கள் மெயிலில் அனுப்பிய பிரிவுப் பத்திரம் வந்தது. திறந்தால் பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கிறது, நடுவில் ஒரே ஒரு கேள்விக்குறி. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க வருகிறவர்களிடம் எழுத்து தெரிகிறதா என்று கேட்கிறவள் நான். எனக்கே ஒன்றும் தெரியவில்லை. பிரிந்து போவதற்குக்கூடக் கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டும் போலிருக்கிறது. என்ன செய்வதென்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
இப்போதைக்கு உங்கள் மனைவி

ஜூன் 11

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

இருமல் போய்விட்டது. பத்திரத்தைத் திறக்கிற சாஃப்ட்வேரில் உன்னிடம் இருப்பது பழைய வெர்ஷன், புதிது வாங்க வேண்டும். கவனமாகப் படி. ஸ்டார்ட்டர் வாங்காதே, அதில் படிக்கத்தான் முடியும், கையெழுத்துப் போட முடியாது. ஹோமில் போடலாம், ஆனால் நம் பத்திரம் அதில் திறக்காது. புரோவில் திறக்கும். புரோ பிளஸ்ஸிலும் திறக்கும், ஆனால் அது உன் மெஷினில் ஏறாது. ஹோம் பிளஸ் என்று ஒன்று உண்டு, அதில் ஹோமைவிட வசதி குறைவு. ஏன் என்று என்னைக் கேட்காதே. எங்கள் ஆபீசிலேயே பதினோரு வெர்ஷன் ஓடுகிறது. எது யாருக்கு என்று பலகையில் எழுதுவதுதான் என் வேலை, போன வாரம் நானே தப்பாக எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தலை சுற்றினால் சொல், ஒரு நாள் வந்து நானே போட்டுத் தருகிறேன். வேண்டாமென்றால் வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
நான்

ஜூன் 20

வெர்ஷன்காரருக்கு,

நீங்கள் வர வேண்டாம். நானே கடைக்குப் போனேன். “வீட்டுக்காம்மா, ஆபீசுக்கா, குடும்பத்துக்கா? குடும்பம்னா அஞ்சு பேர் போட்டுக்கலாம்” என்று கேட்டார் கடைக்காரர். நான் ஒரே ஆள் என்றேன். பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. அவர் நீட்டியதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பார்த்தால் அது மாணவர்களுக்கானதாம், எந்தக் கல்லூரி என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் என்று அடித்தேன். ஏற்றுக்கொள்ளவில்லை.

மாற்றப் போனபோது கடைக்காரர் இன்னொன்று சொன்னார். அனுப்பியவர் பழைய வெர்ஷனில் சேமித்து அனுப்பியிருந்தாலே போதுமாம், ஒரு பட்டன் வேலையாம். இதையே தொழிலாகச் செய்கிற உங்களுக்கு இது தெரியாதா? அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு நாளும் புது வெர்ஷன் வெளியிட உங்களை விட்டால் ஆளில்லை என்றீர்கள். அப்பாவை எடுத்த பிறகுதான் வந்து நின்றீர்கள். அவ்வளவு வேலை தெரிந்த மனிதருக்கு ஒரு பட்டன் தெரியாதா?

இப்படிக்கு,
நான்தான்

ஜூன் 28

அன்புள்ள உனக்கு,

தெரியும். உன் மெஷினில் அந்தப் பழைய வெர்ஷனைப் போட்டுக் கொடுத்ததே நான்தானே. பத்திரத்தைச் சேமிக்கும்போது, பழையதில் இது திறக்காது, பரவாயில்லையா என்று அதுவே கேட்டது. பரவாயில்லை என்று அழுத்தினேன். நீ திறக்காத வரைக்கும் நான் உன் புருஷன். அந்த அற்ப ஆசைதான், வேறொன்றுமில்லை. உன்னைக் கடை கடையாக அலைய விட்டதற்கு வெட்கப்படுகிறேன்.

இனி இழுத்தடிக்க மாட்டேன். பத்திரத்தைக் காகிதத்தில் அச்சடித்து, நான் கையெழுத்துப் போட்டு, இத்துடன் வைத்திருக்கிறேன். உன்னுடையதையும் போட்டு அனுப்பிவிடு. கோபமாக இருந்தாலும் ஒரு வரி எழுது.

அன்புடன்,
நான்

ஜூலை 6

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாளே கடைக்காரர் புரோவைப் போட்டுக் கொடுத்துவிட்டார். பத்திரம் திறந்தது. பழைய வரைவுகளையும் காட்டவா என்று கேட்டது. காட்டு என்றேன். ஒன்பது இருந்தன, எல்லாம் தேதி வாரியாக. பதினோரு வெர்ஷனைக் கட்டி மேய்க்கிறவர் இதை அழிக்காமல் அனுப்பிவிட்டீர்கள்.

முதல் வரைவில் கருத்து வேற்றுமை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவதில் என் முன்கோபம். அது உண்மைதான், அதற்காக நான் சண்டைக்கு வரப்போவதில்லை. மூன்றாவதில் இப்படி இருக்கிறது: “மாமா நாலு நாளும் என்னைக் கேட்டார். நான் போகவில்லை. ஆபீஸ் காரணமில்லை, அவர் சாவதைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவளிடம் எப்படிச் சொல்வதென்று இன்றுவரை தெரியவில்லை.” நான்காவதில் அது இல்லை. ஐந்திலும் ஆறிலும் திரும்ப வந்து மறுபடி போயிருக்கிறது. ஒன்பதாவதில் நம் பெயரும் விலாசமும், இருவரும் மனமொத்துப் பிரிகிறோம் என்பதும்தான் மிச்சம். நீங்கள் அச்சடித்து அனுப்பியதும் அதுதான்.

மூன்றாவதைத் திறந்து வைத்துக்கொண்டு நேற்று நெடுநேரம் அழுதேன். பயமாக இருக்கிறது என்று நீங்கள் அன்றைக்கே சொல்லியிருந்தால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருப்பேனே. எனக்கும்தான் பயமாக இருந்தது.

ஒன்பதாவதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கடை விடுமுறை. வாருங்கள். வந்து அந்த மூன்றாவதை உங்கள் வாயால் சொல்லுங்கள். நடுவில் குறுக்கே பேச மாட்டேன்.

உங்கள் மனைவி