வாசற்படியில் ஒரு பித்தளைக் குமிழ்

பிப்ரவரி 11
கடற்கரையோரம் இருக்கும் எங்கள் டயாலிசிஸ் நிலையத்தின் வாசற்படியில், நட்ட நடுவில், நாத்தனார் இன்று துளை போட்டு ஒரு பித்தளைக் குமிழைப் பதித்துவிட்டுப் போயிருக்கிறாள். நில அளவைத் துறையில் வேலை என்றால் யார் படியிலும் ஓட்டை போடலாமா? தலைமைச் செவிலி நான், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் இரண்டு பேர் தடுக்கிவிட்டோம். காவலாளியும் நானும்.

பிப்ரவரி 14
சாப்பிட வந்தாள். நன்றாக நாலு கேட்கலாம் என்று காத்திருந்தேன். கடைசியில் அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான்தான்.

துறைமுகத்திலிருந்து குன்று வரை இப்படி அறுபது குமிழ்களாம். ஒன்பது வருஷமாக வெயிலில் நின்று ஒவ்வொன்றின் உயரத்தையும் அளக்கிறாள். கரை வருஷத்துக்கு நான்கு மில்லிமீட்டர் உயர்கிறது. நான்கு மில்லிமீட்டருக்காக ஒன்பது வருஷம்! நானாக இருந்தால் இரண்டாம் மாதமே கருவியைக் கடலில் எறிந்திருப்பேன்.

உயர்ந்தால் நல்லதுதானே என்றேன்.

"இல்ல அண்ணி. கடலுக்கு அடியில இருக்கிற பாறைத் தட்டு நம்ம தரைக்குக் கீழ நுழையப் பாக்குது. ரெண்டும் ஒட்டிக்கிச்சு. பாயை ஓரத்துல தள்ளினா புடைக்கும்ல, அப்படித்தான் கரை புடைக்குது. ஒட்டு விட்டுச்சுன்னா ஒரே ஆட்டம், கரை இறங்கிடும். பின்னாலேயே கடல் வரும்."

எப்போது? தெரியாதாம். தெரியாததைத் தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு அவள் ஒரு கேள்வி கேட்டாள்: நோயாளிகள் எட்டுப் பேரையும் மெஷினிலிருந்து கழற்றிக் குன்றில் ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும்? அலை வர அரைமணி நேரம்தான் இருக்குமாம்.

ஒரு ஞாயிறு ஒத்திகை வைத்துப் பார்த்துவிடலாம் என்றேன்.

மார்ச் 3
ஞாயிறு. ஒத்திகை. செவிலிகளின் வீட்டு ஆட்கள்தான் நோயாளிகள். நாத்தனார் கையில் ஸ்டாப்வாட்ச். நாற்பத்தொரு நிமிடம். எட்டுப் பேரும் செத்துப்போனார்கள் என்று அமைதியாகச் சொன்னாள்.

தப்பு எங்கள் கையில். குழாயில் ஓடும் ரத்தத்தை உடம்புக்குத் திருப்பாமல் நாங்கள் யாரையும் கழற்ற மாட்டோம். ஒரு டம்ளர் அளவுதான், ஆனாலும் இருபது வருஷப் பழக்கம். இன்று குழாயில் ரத்தமே இல்லை, வெறும் உப்புநீர். அதையும் பொறுமையாகத் திருப்பிக்கொண்டு நின்றிருக்கிறேன்! வெட்கமாக இருக்கிறது.

குழாயை இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு நெரித்துவிட்டுக் கழற்ற முடியாதா என்று கேட்டாள். முடியும். ஊசி நோயாளி கையிலேயே இருக்கும். ஆளுக்கு ஒரு நிமிடம் போதும். படித்திருக்கிறோம், ஒருவரும் செய்ததில்லை.

மார்ச் 10
முப்பத்து மூன்று.

மார்ச் 24
இருபத்தைந்து. மூன்றாம் நாற்காலிக்காரர், ஓய்வு பெற்ற தபால்காரர், செய்தி கேட்டுக் கவலைப்பட்டார். "என் ரத்தத்தைக் குழாயில விட்டுட்டுப் போனா யாரு திருப்பித் தருவா, சிஸ்டர்?" நாத்தனாரைக் கேளுங்கள் என்றேன்.

மே 8
குன்றுப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலை பத்தேகால். நிற்க முடியவில்லை. நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தேன். கூரை ஓடுகள் கொட்டின. மூன்று நிமிடம் ஆட்டியது. நின்றதும் எழுந்து தபால்காரரிடம் ஓடினேன். மின்சாரம் இல்லை, ஆனால் பேட்டரியில் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. என் விரல் தானாக ரத்தம் திருப்பும் பொத்தானுக்குப் போனது. ஐயோ, ஓடுதே, திருப்பிடலாமே, கொஞ்ச நேரம்தானே… நாற்பத்தொன்று என்ற எண்தான் என்னை நிறுத்தியது. கிளாம்ப் போட்டேன். கழற்றினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மேட்டுச் சாலை பிளந்து கிடந்தது. சக்கர நாற்காலிகளை ஆளோடு தூக்கித் தாண்டினோம். இருபத்தெட்டு நிமிடம். மேலே வந்து திரும்பிப் பார்த்தபோது எங்கள் கூரை தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

எட்டுப் பேர் இருக்கிறார்கள். காவலாளி இல்லை. பாதி வழியில் மருந்துப் பெட்டிக்காகத் திரும்பினார். நான் கத்தினேன். இன்னும் சத்தமாகக் கத்தியிருக்க வேண்டும்.

மே 9
நாத்தனார் நேற்றுக் காலை துறைமுகத்தில் அளந்துகொண்டிருந்தாள் என்கிறார்கள். என் வீட்டுக்காரர் தங்கையைத் தேடிப் போயிருக்கிறார்.

மே 10
வந்துவிட்டாள். ஆட்டம் நின்ற உடனே கருவியை அப்படியே போட்டுவிட்டு வடக்கு மேட்டுக்கு ஓடியிருக்கிறாள். பாலம் விழுந்ததால் சுற்றிக்கொண்டு நடை. காலில் ஒற்றைச் செருப்பு. தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"எத்தனை பேர், அண்ணி?"

எட்டு என்றேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். ஒன்பது வருஷத்தில் இவளை ஒரு தடவையாவது பாராட்டியிருக்கிறேனா? இன்று சொன்னேன். காதில் விழுந்ததா, தெரியவில்லை.

மே 29
இரவல் கருவியோடு மறுபடி அளக்கிறாள். கரை எண்பத்திரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. மீன் சந்தையும் அதன் பின்னால் இரண்டு தெருக்களும் கடலுக்குள். எங்கள் படி, கடல் ஏறும்போது மூழ்கி, வற்றும்போது வெளியே வருகிறது. குமிழ் படியிலிருந்து பெயரவில்லை என்றாள், சுவரெல்லாம் போன பிறகும்.

ஜூன் 2
காவலாளி கிடைத்தார். பெட்டி தோளில் மாட்டியபடி இருந்ததாம்.

செப்டம்பர் 15
குன்றின் மேல் புது நிலையம் திறந்தோம். தபால்காரருக்கு அதே மூன்றாம் நாற்காலி. உட்கார்ந்ததும் பழைய பாக்கி ஒரு டம்ளர் எங்கே என்று நாத்தனாரைக் கேட்டார். அவள் சிரித்தாள். பிறகு தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, படியில் ஓரமாக ஒரு குமிழ் பதித்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

வெளியே கூட்டிப் போய்க் காட்டினேன். காலையிலேயே சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருந்தேன், படியின் நடுவில், பழைய படியில் காவலாளியும் நானும் தடுக்கிய இடத்தைப் போலவே.