பெரட்டில் கூவிய பாஸ்வேர்டு

நமுனுகுல

அன்புத் தங்கச்சி விஜயலெட்சுமிக்கு அக்கா கலாராணி எழுதுவது. நாங்கள் சுகம். நீ சுகமா என்பதுதான் தெரியவில்லை.

முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டு வைஃபைக்கு நான் போட்ட பாஸ்வேர்டைக் கங்காணி தினமும் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் மலையே கேட்கக் கூவியிருக்கிறார். நானும் "இருக்கேங்க" என்று கையைத் தூக்கியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். நீ வீட்டுவேலை செய்யும் அந்தத் தூரதேசத்தில் உன் மேடம் போனைத் தரும் வெள்ளிக்கிழமை நீ வீடியோவில் வந்து, "அக்கா, இந்த வீட்டுல என்னைய" என்று தொடங்கினாய். அதோடு படம் நின்றது. பிறகு உன் அழைப்பே இல்லை. எனக்கு, லயத்தில் நம் சுவரை ஒட்டிய அடுத்த காம்பிரா ரெங்கம்மா மீதுதான் ஆத்திரம், அவள் நம் வைஃபையை இழுத்ததால்தான் படம் நின்றது என்று. நம் வைஃபைக்குப் பூட்டில்லை என்று தெரிந்த நாளிலிருந்து அவள் குடும்பமே நம் பின்சுவரில் சாய்ந்து, யார் வீட்டுச் சண்டையையோ போனில் வாய்பிளந்து பார்க்கும். அவள் துப்பிய வெற்றிலை எச்சில் சுவரில் வழிந்து காய்ந்திருக்கிறது. சுண்ணாம்பு அடித்தாலும் போகாது.

ரவுட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பதுளையில் மொஹிதீன் நானாவின் போன் கடைக்குப் போனேன். அவர் பூட்டு வகைகளைக் காட்டினார். "டபிள்யூஈபி பழசு, தகரப் பூட்டு. டபிள்யூபிஏ மூணு நல்ல சாமான், ஆனா உங்க போன் கிழடு, அதுக்குப் புரியாது. ரெண்டைப் போடுங்க. பாஸ்வேர்டு மட்டும் ஊருக்குத் தெரியாததா இருக்கட்டும்" என்றார். எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாதாம். மறக்காமலிருக்க என் பேரையும் தோட்டத்துப் பதிவில் எனக்குள்ள செக்ரோல் நம்பரையும் சேர்த்துப் போட்டேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

மறுநாளே ரெங்கம்மா அதே சுவரில் சாய்ந்து சிரிக்கிறாள். எப்படியடி என்றால், "காலங்காத்தால கங்காணி உன் நம்பரையும் பேரையும்தானே கூவுறாரு கலா, நாங்க என்ன செவிடா" என்கிறாள். பேசும்போதே கடைவாயில் எச்சில் ஒழுகுகிறது. அவளைப் பார்த்து அருவருப்பா, என்னைப் பார்த்தா என்று எனக்கே புரியவில்லை.

இப்போது மாற்றிவிட்டேன். என்ன போட்டேன் என்று இதிலும் எழுத மாட்டேன். அங்கே வேலைக்குக் கிளம்பி இதைக் கொண்டுவரும் பூனாகலைப் பெண் நல்லவள்தான், ஆனாலும்.

இனி படம் நிற்காது. நீ பாதியில் விட்டதை முழுதாகச் சொல். சொல்ல முடியாவிட்டால் முகத்தையாவது காட்டு. மிச்சத்தை நான் படித்துக்கொள்கிறேன். போன் கிடைக்காவிட்டால் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லியனுப்பு. முருகன் உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

உன் அக்கா
கலாராணி

பி.கு.: உன் பேச்சு நின்ற அந்த வெள்ளிக்கிழமை ரெங்கம்மா குடும்பம் லயத்திலேயே இல்லை. வெலிமடையில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தார்கள்.