ஒரே இடத்தில் நிறுத்துகிற டிரைவர்

மேடம்,

நேற்றுக் காலை கிழக்குத் தாம்பரத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். புது வண்டி ஒன்று வந்து ஓரமாக நின்றது. அடுத்த நொடி 'புஸ்ஸ்' என்று பெரிதாகக் காற்று இறங்கும் சத்தம். காற்று போனால் பிரேக் போச்சு என்பது எங்கள் டிரைவர் தொழிலில் முதல் பாடம். நான் ரிட்டயர் ஆனவன் என்பதையே மறந்து கத்தினேன். "தம்பி, வண்டிய எடுக்காத! ஏர் போவுது!"

வண்டி என் பக்கமாகச் சாய்ந்து தாழ்ந்தது. நான் பின்னால் குதித்தேன். முட்டிவலிக்காரன் குதிப்பதைப் பார்த்து வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். டிரைவர் எட்டிப் பார்த்து, "பெருசு, ஒண்ணும் ஆவல. உனக்கோசரம்தான் வண்டிய இறக்கிக்கினு கீறேன். ஏறு," என்றான்.

படி நடைபாதை உயரத்துக்கு வந்திருந்தது. ஏறவே வேண்டாம், நடந்து உள்ளே போனால் போதும். சீட்டில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்த எனக்கு, ஒரு பஸ் மனுஷனுக்காக இறங்கி வரும் என்று தெரியாது. உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான், உங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்கத்தான் போய்க்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. நீங்கள் போய்ப் பதினாறு நாள் ஆகிவிட்டதாம். முந்தின நாள் சாயங்காலம்தான் என் பழைய கண்டக்டர் போனில் சொன்னான்.

நீங்கள் ஏறுகிற செம்பாக்கத்தில் நான் அப்போதெல்லாம் ஒருநாளும் ஸ்டாப்பில் நிறுத்தியதில்லை. தாண்டி, டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் போய் நிறுத்துவேன். காலை ஏழு மணிக் கூட்டம் ஓடிவரும், ஓட முடிந்தவன் ஏறுவான், மீதிப் பேர் அடுத்த வண்டி. நான் மட்டுமா, எல்லா டிரைவரும் அப்படித்தான். நீங்கள் மட்டும் இடது காலில் இரும்புப் பட்டை வைத்த காலிப்பர் ஷூவோடு, எனக்கு முன்பே டிரான்ஸ்பார்மர் அடியில் வந்து நிற்பீர்கள். முதலில் பையை உள்ளே போடுவீர்கள். அப்புறம் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்கி, கடைசியாக அந்தக் காலை இழுத்துக்கொள்வீர்கள். கெட்டிக்கார அம்மா, சீட் பிடிக்க முன்னாலேயே நிற்கிறார் என்று கண்டக்டரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஒருநாள் ஸ்டாப்பில் செக்கிங் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். நான் யோக்கியனைப் போல ஸ்டாப்பிலேயே நிறுத்தினேன். நீங்கள் தூரத்தில் கையை ஆட்டிக்கொண்டே வந்தீர்கள். நாலு எட்டு வைத்திருப்பீர்கள், கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டான். உங்களைத் தாண்டும்போது என் ஜன்னலுக்கு நேரே உங்கள் முகம் இருந்தது. நான் நேராக ரோட்டைப் பார்த்தேன்.

மறுநாள் நீங்கள் ஸ்டாப்பில் நின்றீர்கள். இன்ஸ்பெக்டர் இல்லை. பழக்க தோஷம், நான் டிரான்ஸ்பார்மருக்குப் போய்விட்டேன். கண்ணாடியில் உங்களைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே கியரைப் போட்டேன்.

மூன்றாம் நாள் இரண்டுக்கும் நடுவில், யார் வீட்டுக் காம்பவுண்டையோ பிடித்துக்கொண்டு நின்றிருந்தீர்கள். அதைப் பார்த்ததும் என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. ஏறியதும் என் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னீர்கள். "டிரைவர் சார், எங்க வேணா நிறுத்துங்க. ஆனா ஒரே இடத்துல நிறுத்துங்க."

திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். திட்டு வாங்காத டிரைவர் உண்டா? இது வேறு மாதிரி இருந்தது. "ரெண்டு நாளும் வேலைக்குப் போக முடிஞ்சுதா மேடம்?" என்று கேட்டேன். "போனேன் சார்," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

அதற்கப்புறம் நான் ரிட்டயர் ஆகும்வரை அந்த ஸ்டாப்பிலேயே, ஓரத்தை ஒட்டி நிறுத்தினேன். என் பின்சீட்டு உங்கள் சீட்டானது. திருமுடிவாக்கம் கம்பெனியில் நீங்கள் உருப்படிகளை அளந்து பார்த்து அளவு தப்பினதைத் தள்ளுகிற வேலை பார்ப்பதை அங்கே உட்கார்ந்துதான் சொன்னீர்கள். தாம்பரத்தில் எல்லோரும் இறங்கின பிறகு பையிலிருந்து டேப்பை எடுத்து என் வண்டியின் முதல் படியை ஒருநாள் அளந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? "ஒரு மயிரிழை கூடினாலே நான் ரிஜெக்ட் பண்ணுவேன் சார். உங்க பஸ்ஸ முழுசா ரிஜெக்ட் பண்ணணும்," என்றீர்கள். வயிறு வலிக்கச் சிரித்தோம். படி மட்டும் அதே உயரத்தில்தான் இருந்தது.

நேற்று உங்கள் வீட்டு வாசலில் நான் யாரென்று சொன்னதும் உங்கள் தங்கைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஒரே இடத்துல நிறுத்துற டிரைவர் நீங்கதானாண்ணா? வாங்க, வாங்க. உங்களப் பத்திப் பேசாத நாளே இல்ல," என்று உட்கார வைத்துக் காபி கொடுத்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

அப்புறம் அவர் சொன்னார். "உங்களுக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தானாம்ணா. கட்டைல போறவன். ரெண்டு நாள் அவள நடுரோட்டுல விட்டுட்டுப் போயிட்டான். அந்த வாரம்தான் அவள பர்மனென்ட் பண்றதா இருந்தாங்க. ரெண்டு நாளும் லேட்டு. இந்தக் காலோட உங்களால முடியாதும்மான்னு சொல்லி வேற ஆளப் போட்டுட்டாங்க. கடைசி வரைக்கும் கான்ட்ராக்ட்தான். நல்லவேளை, அப்புறம் நீங்க வந்தீங்க."

மேடம், காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ஒரே ஆளை இரண்டாகப் பிரித்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறீர்கள். அத்தனை வருஷம் என் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து வந்தீர்கள், தீபாவளிக்குத் தீபாவளி முறுக்கு கொடுத்தீர்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன்? எனக்கு உங்கள் மேல் கோபமே வந்தது. திட்டியிருக்கலாமே. அந்த மூன்றாம் நாளே சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாமே.

உங்கள் தங்கையிடம் ஒன்றும் சொல்லாமல் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். செம்பாக்கம் ஸ்டாப்பில் நின்றேன். பஸ் வந்து ஓரத்தை ஒட்டி நின்றது, காற்றை விட்டுத் தாழ்ந்தது. "ஏறுங்க சார்," என்று டிரைவர் காத்திருந்தார். இவ்வளவு தாழ்ந்த படியில் ஏற வேண்டியவர் நீங்கள். "நீ போப்பா," என்று அனுப்பிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

உங்கள் தங்கை கதவைத் திறந்தார். "அந்த ரெண்டு டிரைவரும் நான்தாம்மா," என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. திரும்பி உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவும் இல்லை, உள்ளே கூப்பிடவும் இல்லை. வெயில் ஏறியது, முட்டி விண்விண்ணென்று தெறித்தது. போய்விடலாம் என்று ஒவ்வொரு நிமிஷமும் தோன்றியது. 'ஒரே இடத்துல நிறுத்துங்க' என்று நீங்கள் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவர் திரும்பி வரும்வரை அந்த வாசலிலேயே நின்றேன் மேடம். என் சர்வீஸில் ஒருவருக்காகவும் நான் அவ்வளவு நேரம் நின்றதில்லை.