வீட்டுக்காரம்மாவை யாரும் பார்த்ததில்லை

கௌனாஸ்,
3 செப்டம்பர் 1929

அன்புள்ள பார்போராவுக்கு,

நான் நலம். நீயும் குழந்தை டனுதேயும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் குளிர்காலமும் இங்கே வர வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஒரே அறையில் மூன்று எழுத்தர்கள் கிடக்கிறோம். அமைச்சகத்திலேயே இன்னும் பாதிப் பெட்டிகளைப் பிரிக்கவில்லை. கௌனாஸ் நம் நாட்டுக்குத் தற்காலிகத் தலைநகரம்தானே! போலந்துக்காரன் பிடித்து வைத்திருக்கும் நம் உண்மையான தலைநகர் வில்னியஸ் திரும்ப நம் கைக்கு வரட்டும், அங்கே குடும்பமாக இருப்போம். இங்கே ஒரு திரைச்சீலை வாங்கினால்கூட, "என்னப்பா, வில்னியஸை மறந்துட்டியா?" என்று கேலி செய்கிறார்கள். நீ அனுப்பிய புகைபோட்ட இறைச்சியை மூவரும் சண்டையில்லாமல் தின்றோம்.

உன் ஜிக்மாஸ்

பானவேஷிஸ்,
20 செப்டம்பர்

அன்புள்ள உங்களுக்கு,

இறைச்சி தின்றது சரி. மாதாமாதம் ரயிலில் வரும் உங்கள் அழுக்குத் துணி மூட்டை இப்போது ஏன் வருவதில்லை? அஞ்சலதிகாரியின் மனைவி சொல்கிறாள்: "ஆம்பள துணி வீட்டுக்கு வரலேன்னா, வேற வீட்டுக் கொடியில காயுதுன்னு அர்த்தம்டி." நான் சிரித்து மழுப்பினேன்.

குதிரை விற்க கௌனாஸ் வந்த என் தம்பி பெலிக்சாஸ் உங்களைப் பார்த்திருக்கிறான். மேட்டுப் பக்கம் ஒரு புதுச் செங்கல் வீட்டின் முன் ஆப்பிள் கன்று நட்டுக்கொண்டிருந்தீர்களாம். நீங்கள் போனபின் கொத்தனாரிடம் விசாரித்திருக்கிறான்.

"இது ஒரு அம்மா பேர்ல இருக்கு. சார்தான் அலைஞ்சு திரிஞ்சு கட்டுறாரு. அந்தம்மாவ நாங்க யாரும் பாத்ததே இல்ல."

யார் அவள்? வில்னியஸுக்காக நான் தனியாகக் கிடப்பேன். அவளுக்காகக் கிடக்க மாட்டேன்.

பார்போரா

கௌனாஸ்,
25 செப்டம்பர்

என் அன்பு பார்போரா,

அந்தம்மா நீதான்! டனுதே மேல் ஆணை. மனை உன் பெயரில் இருக்கிறது. துணியில் சுண்ணாம்பும் செங்கல்தூளும் படிந்திருந்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் மூட்டை அனுப்பவில்லை.

உன்னிடம் எப்படிச் சொல்வது? உன் அண்ணன் மிகோலாஸ் வில்னியஸ் சண்டையில் செத்தவன். உன் அப்பா விருந்தில் எல்லோரையும் எழுப்பி நிறுத்தி வில்னியஸ் பெயரைச் சொல்லித்தான் குடிக்கிறார். அந்த வீட்டு மாப்பிள்ளை கௌனாஸில் செங்கல் வீடு கட்டினால் ஊர் என்ன சொல்லும்? அலுவலகத்தில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். வில்னியஸ் கிடைக்கும்வரை இங்கே வீடு கட்டமாட்டோம் என்று கூட்டத்தில் சபதம் போடுகிறார்கள், நானும் போட்டேன்; பிறகு மனையை மனைவி பெயரிலோ மாமியார் பெயரிலோ வாங்குகிறார்கள். தன் பெயரில் மனை இல்லாதவனை, சபதத்தை மீறினான் என்று யாரும் குறை சொல்ல முடியாது பார்.

உன் ஜிக்மாஸ்

பானவேஷிஸ்,
1 அக்டோபர்

ஜிக்மாஸுக்கு,

சந்தேகம் தீர்ந்தது, வயிற்றெரிச்சல் தீரவில்லை. வேறொருத்தி இருந்திருந்தால் அவள் தலைமுடியைப் பிடித்து உலுக்கியிருப்பேன். இப்போது யார் முடியைப் பிடிப்பது? வில்னியஸுக்காகச் செத்தவன் என் அண்ணன். அதைக் கைவிட்டவள் என்று என்னிடம் கேட்காமலே என் பெயரை எழுதிவிட்டு, உங்கள் பெயரை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டீர்கள். அப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன். அவர் இன்னும் என்னோடு பேசவில்லை.

போகட்டும், வீடு என்னுடையதுதானே? வியாழக்கிழமை ரயிலில் டனுதேயோடு வருகிறேன். சாவியைக் கொத்தனாரிடம் கொடுத்துவிடுங்கள். ஊரார் ஏசினால் ஏசட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் சபதம் போட்டவர், அதைக் காப்பாற்றுங்கள். வில்னியஸ் கிடைத்த பிறகு வந்து கதவைத் தட்டினால் போதும்.

பார்போரா