கயிறு சுற்றிய ஆனைத்திருக்கையை விடுவிக்க அனுமதி வேண்டி

அனுப்புநர்:
மு. சுகிர்தா,
கடல் உயிரியல் ஆய்வாளர்,
கராச்சர்மா, போர்ட் பிளேர்.

பெறுநர்:
உயர்திரு பொறுப்பு அதிகாரி அவர்கள்,
கடல் காப்பகப் பிரிவு,
போர்ட் பிளேர்.

பொருள்: காப்பகத்துக்குள் இருக்கும் ஆனைத்திருக்கையின் மீது இறுகியுள்ள தூண்டில் கயிற்றை அறுக்க அனுமதி தாமதமாவது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இத்தீவுகளின் ஆனைத்திருக்கைகளுடைய (மாண்டா ரே எனப்படும் பெரிய திருக்கை மீன்கள்) மரபணுவை ஆராய்ந்து வருகிறேன். சென்ற செவ்வாயன்று பாம்பூஃப்ளாட் மீனவர் திரு. ஆறுமுகம் ஃபெர்ரியில் சாத்தம் வந்து, பஸ் பிடித்து என் வீட்டுக்கே வந்தார். தமது தூண்டில் கயிறு ஒரு பெரிய திருக்கையைச் சுற்றிக்கொண்டதாகவும், அறுப்பதற்குள் அது கயிற்றோடு காப்பகத்துக்குள் போய்விட்டதாகவும் கூறினார். அவர் சொல்லாதிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

2. மறுநாள் நானும் அவரும் காப்பக எல்லைக்கு வெளியே படகை நிறுத்திப் பார்த்தோம். அது புரண்டபோது தெரிந்த வயிற்றுப் புள்ளிகளை வைத்து, நாங்கள் முன்பே அறிந்த பெண் திருக்கைதான் என்று தெரிந்தது. சினையாக இருக்கிறது. "அரே மேடம், கயிறு தோலுக்குள்ள எறங்கிடுச்சு. ஜல்தி ஏதாவது பண்ணுங்க" என்று சொல்லி ஆறுமுகம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

3. அன்றே தங்கள் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தேன். "சாப் மெயின்லேண்ட் போயிருக்காரு, கப்பல் வரட்டும்" என்றார்கள். கப்பல் வந்து, தாங்களும் வந்துவிட்டீர்கள். பதில் மட்டும் வரவில்லை.

4. ஒரே ஒரு திருக்கைக்காக ஏன் இந்தப் பதற்றம் என்று தாங்கள் நினைக்கலாம். நாங்கள் சோதித்த தோல் மாதிரிகளில் பெரும்பாலானவை நெருங்கிய உறவுடையவை. வெளிக்கடலிலிருந்து புதியவை வந்து கலந்ததற்கான அடையாளம் மிகக் குறைவு. இந்தப் பெண் திருக்கையின் மரபணு மட்டுமே மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறது. ஒரு பேற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி. அடுத்ததற்குச் சில ஆண்டுகள் ஆகும். இதை இழந்தால் ஈடு செய்ய எங்களிடம் வழி இல்லை.

5. இன்னொரு கவலையும் உண்டு. "அவர் மேல கேஸ் போட்டுருவாங்களா மேடம்?" என்று ஆறுமுகத்தின் மனைவி ஜெயமணி போனில் அழுகிறார். தானாக வந்து சொன்னவரைத் தண்டித்தால், அடுத்த முறை எந்த மீனவரும் வாய் திறக்க மாட்டார். அவர் மீது நடவடிக்கை வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

நீரில் மூழ்கிக் கயிறு அறுக்கப் பயிற்சி பெற்ற இருவர் காத்திருக்கிறார்கள். படகை ஆறுமுகமே ஓட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். தங்கள் ஊழியர் உடன் வரட்டும். எழுத்தில் ஆணை வர நாளாகுமென்றால், தொலைபேசியில் ஒரு சொல் போதும். மறுப்பதாக இருந்தாலும் அதை இன்றே சொல்லிவிடுங்கள். வேறு கதவைத் தட்டுவேன்.

இன்று காலையும் எல்லையில் நின்று பார்த்தோம். ஒரு பக்கமாகச் சாய்ந்து, வலது செட்டையை மட்டும் அடித்தபடி, அது இன்னும் நீந்திக்கொண்டிருக்கிறது ஐயா.

இடம்: கராச்சர்மா
நாள்: 19.02.2024

தங்கள் அழைப்பை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
மு. சுகிர்தா